பழைய ஓடுபாதையில் எம்எக்ஸ்-5: சில வருட டிராக் டே அனுபவம்

கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான மஸ்தா எம்எக்ஸ்-5 வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. தினசரி வேலைக்கும் அதுதான், நண்பர்களோடு பழைய விமானத்தளத்தில் ஓட்டப்போகும் டிராக் டேக்கும் (சொந்த வண்டியைப் போட்டி இல்லாமல், மூடிய பாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள்) அதுதான். சாலையில் இந்த வண்டி எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். ஓடுபாதையில் எப்படி, எது தேய்கிறது, எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம் என்பது மட்டும் இங்கே.

விமானத்தளத்தில் கார் ஓட்டுவது புதுப் பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ரேஸ் டிராக் 1943-ல் குண்டுவீச்சு விமானங்களுக்காகத் திறந்த தளம். 1948-ல் அதே இடத்தில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. அமெரிக்காவின் செப்ரிங் ரேஸ் டிராக்கும் போர்க்காலத் தளம்தான், அங்கே இன்றும் சில இடங்களில் அந்தப் பழைய கான்கிரீட் மேலேதான் ஓட்டுகிறார்கள். சோழவரத்தை மறந்துவிட முடியுமா? அதுவும் இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுபாதை, இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை ரேஸ் பிரியர்களுக்கு அதுதான் எல்லாம். போர் முடிந்து சும்மா கிடந்த, அகலமான, மேடு பள்ளம் இல்லாத இடம், கார்க்காரர்கள் விடுவார்களா.

ஆனால் ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது முதலில் குழப்பும். பெரிய ஓடுபாதை 45 மீட்டர் அகலம் இருக்கும், ரேஸ் டிராக் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். பக்கத்தில் மரமோ சுவரோ எதுவும் ஓடாததால் வேகம் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 160 கிலோமீட்டரில் போகும்போதும் சும்மா உருட்டிக்கொண்டு போவதுபோல்தான் இருக்கும், வளைவுக்கான கோன்கள் தூரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகளாக நிற்கும், திடீரென்று எல்லாம் கிட்டே வந்துவிடும். நான் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன். கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே தார் ஊற்றிய இணைப்புகள் இருக்கின்றன இல்லையா, அதன்மேல் டயர் ஏறும்போது தட், தட் என்று சத்தம் வரும். வேகம் கூடக்கூட அது நெருங்கி நெருங்கி ஒரே ரீங்காரமாகிவிடும். அந்த ரீங்காரத்தோடு பிரேக் மிதித்தால் இணைப்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் சக்கரம் ஒரு கணம் பிடி விட, ஏபிஎஸ் காலுக்கடியில் துடிக்கும். முதல் தடவை பயமாகத்தான் இருக்கும், பழகினால் பிரேக்கை எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று அதுவே சொல்லிவிடும்.

பெரிய நன்மை, வண்டி ஸ்பின் ஆகிச் சுழன்றாலும் மோதுவதற்கு எதுவும் இல்லை. கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக மிதித்துவிட்டுக் காத்திருந்தால் வண்டி தானாக நின்றுவிடும். அதற்காக ஓரம் வரைக்கும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். உடைந்த ஜல்லி, பழைய விளக்குக் குழிகள், மழைக்குப் பிந்தைய புல் எல்லாம் அங்கேதான்.

சரி, வண்டிக்கு வருவோம். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல் எடை, பின்சக்கர இழுவை, முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிப் பாதி எடை. இரண்டு லிட்டர் எஞ்சினில் முதலில் வந்தது 160 குதிரைத்திறன், பிறகு 184 ஆக்கினார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதைப்போல மூன்று மடங்கு திறன் உள்ள, 1,800 கிலோ எடையுள்ள வண்டி வைத்திருக்கிறார். நேர்ப்பாதையில் அவர் காணாமலே போய்விடுவார். ஆனால் அதன் முடிவில் நான் 180-ல் வந்து 60-க்கு இறக்க வேண்டும், அவர் 220-ல் வந்து 60-க்கு இறக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, அதோடு எடையையும் பெருக்கிப் பாருங்கள்: ஒவ்வொரு தடவையும் அவருடைய பிரேக் என்னுடையதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தை விழுங்கியாக வேண்டும். காலையில் அவர் ராஜா. மதியத்துக்கு மேல் அவர் வண்டி பானெட் திறந்து ஓரமாக நிற்கும், பேட் கருகிய வாடை எங்களுக்கும் சேர்த்து அடிக்கும், நான் சுற்றிக்கொண்டே இருப்பேன். இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்றால் எடை குறைவாக இருப்பதுதான் திறன்.

வளைவில் வண்டி நன்றாகச் சாயும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தச் சாய்வுதான் டயரில் பிடி எவ்வளவு மிச்சம் என்று முன்கூட்டியே சொல்கிறது. ஸ்பிரிங் மாற்றச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், மாற்றவில்லை, மாற்றும் எண்ணமும் இல்லை.

காசு போட வேண்டிய முதல் இடம் பிரேக் ஆயில். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் ஆயில் தரத்தில் புது ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கொதித்தால் நீராவி, நீராவி அமுங்கும், அப்போது மிதி பஞ்சாகிவிடும். இது எந்த சாலை வண்டிக்கும் பொது. நல்ல கொதிநிலை உள்ள ஆயிலை சீசன் தொடங்கும் முன் மாற்றுகிறேன், கூடவே வெப்பம் தாங்கும் முன்பக்கப் பேட், அவ்வளவுதான். டாட் 5 என்பது சிலிக்கான், எண் பெரிதாக இருக்கிறதே என்று ஊற்றிவிட வேண்டாம், 5.1 வேறு, 5 வேறு. ஒவ்வொரு செஷன் முடிவிலும் பிரேக் தொடாமல் ஒரு சுற்று மெதுவாக வந்து, கியரில் போட்டு நிறுத்துவேன். கொதிக்கிற டிஸ்க் மேல் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பது நல்லதில்லை.

அப்புறம் டயர். கான்கிரீட் உப்புத்தாள்தான், வேறு சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் ஓட்டும் சுற்று கடிகார முள் திசையில் போவதால் பெரும்பாலும் வலப்பக்க வளைவுகள், அதனால் இடது முன் டயரின் வெளித்தோள் முதலில் போகும், ரப்பர் சிறு சிறு சுருளாக உரிந்து ஒட்டியிருக்கும். ஓட்டினால் பிரஷர் நன்றாக ஏறிவிடும், ஆகவே உள்ளே வந்த உடனே, சூட்டோடு அளந்து இறக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன், டயர் ஆறியபின், மறுபடி ஏற்ற வேண்டும். புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில், பிடி அதிகமுள்ள ஒட்டும் டயர் வாங்குவதைப் பார்க்கிறேன். சாதாரண டயர் சீக்கிரமே கீச்சிட்டு எச்சரிக்கும், கற்றுக்கொள்ள அதுவே போதும்.

திறந்த கூரை வண்டிக்கு ரோல் பார் (கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) வேண்டும் என்று பல இடங்களில் விதி. முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து ரோல் பாருக்கு ஒரு குச்சியை வைத்தால் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் வாங்கும் முன் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஹெல்மெட்டில் ஸ்நெல் எஸ்ஏ (Snell SA) என்ற, கார் ரேஸுக்கான பாதுகாப்பு முத்திரை பாருங்கள். எம் முத்திரை பைக்குக்கானது, அதில் தீ தாங்கும் சோதனை கிடையாது. டிராக்கில் ஆகும் சேதத்துக்குச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் பணம் தராது, பாலிசியைப் படித்துவிட்டுப் போங்கள்.

நண்பர்களோடு போவதில் ஒரு சிக்கல், போட்டி. டிராக் டேயில் முன்னால் போகிறவர் கை காட்டி வழிவிட்டால்தான் முந்தலாம், பல இடங்களில் நேரம் அளக்கவே கூடாது. தெரியாதவர்களுக்கு உடனே வழிவிடும் அதே ஆள் நண்பன் பின்னால் வந்தால் கண்ணாடியைப் பார்க்கவே மாட்டார்! நாங்கள் இப்போது ஒருவர் வண்டியில் மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறோம், அனுமதி உள்ள இடங்களில். அடுத்தவர் எங்கே பிரேக் விடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பத்து வீடியோவுக்குச் சமம்.

கடைசி செஷனுக்கு நான் போவதில்லை. எல்லோரும் களைத்திருப்பார்கள், ‘இன்னும் ஒரே சுற்று’ என்று ஓட்டும்போதுதான் கோன்கள் பறக்கும். அந்த நேரத்தில் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, டயரில் சிக்கிய ஜல்லியைப் பிடுங்கிப் போட்டு, எஞ்சின் ஆயில் மட்டம் பார்த்துவிடுகிறேன். வீட்டுக்கும் அதே நான்கு டயரில்தானே போக வேண்டும்.