சிறு நூலகத்துக்கு ஹெச்பிஇ மைக்ரோசர்வர் ஜென்10 பிளஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கோஹா என்ற நூலக மென்பொருளின் பட்டியலையும் நூலக இணையதளத்தையும் ஒரே பெட்டியில் ஓட்ட இந்தச் சிறிய சர்வர் அருமையான இயந்திரம். மேசை ஓரத்தில் அடங்கிவிடும். ஆனால் பென்டியம் ஜி5420 செயலி உள்ள வகை வேண்டாம். அதில் 2 கோர்தான். வாசகர்கள் தேடும் நேரத்தில் கோஹாவின் தேடல் பொறியான ஜீப்ரா முழு அட்டவணையையும் மறுபடி கட்டத் தொடங்கினால் பக்கம் திணறும். 4 கோர் உள்ள ஜியான் ஈ-2224 எடுங்கள்.

ரேம் உச்சம் 32 ஜிபி. சிறு நூலகத்துக்கு 16 தாராளம். பெரிய சர்வரில் கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், இதில் வேலை செய்யாது. அன்பஃபர்டு இசிசி (பிழை திருத்தும்) ரேம்தான் வேண்டும்.

வட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறைதான் ரெய்டு. இதனுடன் வரும் எஸ்100ஐ என்ற மென்பொருள் ரெய்டு விண்டோஸுக்கானது. டெபியன் லினக்ஸ் போடுமுன் பயாஸில் சாட்டாவை ஏஹெச்சிஐக்கு (வட்டுகளை நேரடியாகக் காட்டும் முறை) மாற்றி, இரண்டு எஸ்எஸ்டியை எம்டிஅட்மின் என்ற லினக்ஸ் கருவி வழியாக ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு) ஆக்குங்கள். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு 3.5 அங்குல அடாப்டர் சட்டம் தனியாக வாங்க வேண்டும். காப்புப்பிரதிக்கு ஹார்டு டிஸ்க் சேர்த்தால் எஸ்எம்ஆர் வகையை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வட்டு) தவிருங்கள். ரெய்டை மீட்கும்போது எழுதும் வேகம் படுத்துவிடும். வட்டை மாற்ற இயந்திரத்தை அணைத்தே ஆக வேண்டும்.

தொலைவிலிருந்து திரையைப் பார்க்க ஐஎல்ஓ (ஹெச்பிஇயின் தொலைநிலை நிர்வாக வசதி) கிட் தனிச்செலவு. மின்சாரம் வருவது வெளியே இருக்கும் ஒரே 180 வாட் அடாப்டர் வழியாக. உபரியாக ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.