அமீரக கோல்டன் விசா: சம்பளக்காரர்களுக்கு ஒத்துவருமா?

வேலை போனால் விசாவும் போகும் என்பது வளைகுடாவின் பழைய கணக்கு. அமீரகத்தின் 10 வருட கோல்டன் விசா அந்த முடிச்சை அவிழ்க்கிறது. கம்பெனி ஸ்பான்சர் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் சொந்த ஊரில் இருந்தாலும் விசா செல்லும். பிள்ளைகளை உங்கள் ஸ்பான்சரில் வைத்துக்கொள்ள வயது வரம்பில்லை. 2022 அக்டோபரில் மாதச் சம்பள வரம்பை 50,000 திர்ஹாமிலிருந்து 30,000-க்கு இறக்கிய பிறகு, கம்பெனிகளில் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் எட்டுகிறது.

எட்டுகிறது என்றாலும் பலர் விழுவது ஒரே இடத்தில்தான்: 30,000 என்பது பேசிக் சம்பளம். ஆஃபர் லெட்டரில் மொத்தம் 45,000 இருக்கும். பிரித்துப் பார்த்தால் பேசிக் 25,000, மீதி வீட்டு வாடகையும் போக்குவரத்தும். விண்ணப்பம் திரும்பிவிடும். பேசிக்கை ஏற்றிக் கொடுக்க கம்பெனிகள் தயங்குவதற்குக் காரணம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடை. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று பேசிக்கை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். எச்ஆரிடம் கேட்பதானால் வேலை ஒப்பந்தத்தையே திருத்தச் சொல்லுங்கள். சம்பளச் சான்றிதழில் மட்டும் எண்ணை மாற்றினால், ஒப்பந்தத்தோடும் வங்கி வரவோடும் ஒத்துப்போகாது.

அடுத்தது பதவிப் பெயர். தொழிலாளர் அமைச்சகத்தின் வகைப்பாட்டில் முதல் அல்லது இரண்டாம் நிலையில் இருக்க வேண்டும். அதாவது மேலாளர், பொறியாளர், மருத்துவர், ஐடி நிபுணர் போன்றவை. செய்வது மேனேஜர் வேலை, விசாவில் இருப்பது கிளார்க் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பட்டச் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) கட்டாயம். வாங்க வேண்டிய வரிசை: மாநில உயர்கல்வித் துறை, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம். வரிசை தவறினால் அடுத்த மேசையில் வாங்கமாட்டார்கள். ஒரிஜினல் ஊரில் இருந்தால் மற்ற வேலைகளுக்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள். மெடிக்கல் டெஸ்ட், எமிரேட்ஸ் ஐடி என்ற அடையாள அட்டைக்கான கைரேகை எல்லாம் வழக்கம்போலத்தான்.

ஒரு குறை உண்டு. இது தங்கும் உரிமை மட்டுமே. வேலை பார்க்க ஒர்க் பெர்மிட் தனியாக வேண்டும். கம்பெனி மாறினால் புதிதாக எடுக்க வேண்டும்.

2025 ஜூலையில் ‘ஒரு லட்சம் திர்ஹாம் கட்டினால் ஆயுள் முழுக்க கோல்டன் விசா’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதை அரசே மறுத்துவிட்டது. விண்ணப்பிக்க, துபாய்க்கு ஜிடிஆர்எஃப்ஏ (துபாய் குடியேற்றத் துறை) அல்லது அதன் சேவை மையமான ஆமர் சென்டர், மற்ற எமிரேட்களுக்கு ஐசிபி (அமீரகக் கூட்டாட்சி அரசின் அடையாள, குடியுரிமை ஆணையம்) தளம். இவற்றைத் தாண்டி ஏஜெண்டுக்குத் தனியாகப் பணம் கொடுக்க அவசியமில்லை.