பயணக் குறிப்புகளில் அடிமைகளைத் தேடுவோருக்கு ட்ரோப்பி மென்பொருள்

தென்னிந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் நிலவிய அடிமை முறையைப் பற்றிப் பயணிகள் எழுதி வைத்தவற்றை இரண்டு ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் எடுத்த படங்களும், அதன் மின்னூல் தளமான புக்எஸ்ஜியிலிருந்து இறக்கிய பக்கங்களும் கணினியில் குவிந்து, எது எந்த நூலுக்குரியது என்பதே மறந்துபோன நிலையில்தான் ட்ரோப்பியை நாடினேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் ரோசன்ஸ்வைக் மையம் 2017இல் வெளியிட்ட இம்மென்பொருள், ஆவணப் படங்களை ஒழுங்குபடுத்தவென்றே உருவானது, கட்டணம் கிடையாது.

ஒரு நூலின் பல பக்கங்களை ஒரே பதிவாகச் சேர்த்து, நாமே வகுத்த படிவத்தில் விவரங்களை நிரப்பலாம். பயணம் செய்த ஆண்டுக்கும் நூல் வெளிவந்த ஆண்டுக்கும் நான் தனித்தனிக் கட்டங்கள் வைத்திருக்கிறேன். மைசூர், கனரா, மலபார் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1800, 1801ஆம் ஆண்டுகளில் பயணம் செய்தார். அவர் நூலோ 1807இல்தான் வந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது, படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, அதற்கெனக் குறிப்பும் விவரமும் எழுதும் வசதியே. பயண நூல்களில் அடிமைகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் வந்து மறைந்துவிடுகிறார்கள். மலபாரில் அடிமைகளை ஜன்மம், காணம், பாட்டம் என்று விற்றும் அடமானம் வைத்தும் குத்தகைக்கு விட்டும் வந்ததைப் புக்கானன் எழுதும் இடத்தைத் தனியே பிரித்து வைத்தபோதுதான், அவை நிலத்துக்கு வழங்கிய சொற்களே என்பது எனக்கு உறைத்தது.

மூலத்தில் உள்ள சொல்லுக்கு ஓர் அடையாளக்குறி, என் ஆய்வு முடிவுக்கு வேறோர் அடையாளக்குறி என்று பிரித்துக்கொள்ளுமாறு புதியவர்களுக்குச் சொல்வேன். ஒரு பயணி 'கடனாளி' என்றும் மற்றொரு பயணி 'வேலைக்காரர்' என்றும் குறிப்பிடும் ஆள், நிலைமையைப் பார்த்தால் அடிமையாகவே இருக்கக்கூடும். மூலச் சொல்லையும் நம் முடிவையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிற்பாடு எந்த முடிவையும் சரிபார்க்க முடியாது. சுலவேசித் தீவின் கடலோடிகளான பூகிஸ் மக்களின் படகில் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சிங்கப்பூரில் விற்கப்பட்டதைக் கண்டு எழுதிய மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லாவின் பகுதியை, 1823இல் அங்கு ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் அடிமை வணிகத்துக்கு விதித்த தடையோடு ஒரே பட்டியலில் வைத்துப் படிக்கிறேன். அடிமையின் 'பெயர்' என்ற கட்டம் பெரும்பாலான பதிவுகளில் காலியாகவே கிடக்கிறது. ஆயினும் அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. படத்திலுள்ள எழுத்தை மென்பொருள் தானாகப் படித்துத் தரும் என்று எதிர்பார்க்காமல், முக்கியமான வரிகளை நாமே தட்டச்சு செய்துகொள்வது நல்லது. இருவர் வெவ்வேறு கணினிகளிலிருந்து ஒரே திட்டத்தில் ஒருசேரப் பணியாற்ற இது ஏற்றதன்று. படக்கோப்புகளை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துபோகலாம் என்பதால், முதல் நாளே நிலையான கோப்புறை ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். அச்சு நூல்களின் மேற்கோள் விவரங்களுக்கு அதே மையத்தில் பிறந்த மேற்கோள் மென்பொருளான சோட்டெரோவே பொருத்தம். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறேன்.