இடிப்பதா, வரன்முறைப்படுத்துவதா?

அனுமதியில்லாமல் எழுந்த குடியிருப்பை என்ன செய்வது? இடிப்பதா, பட்டா கொடுத்துச் சட்டப்படி ஏற்றுக்கொள்வதா, அதாவது வரன்முறைப்படுத்துவதா? வளரும் நாடுகளின் நகர நிர்வாகங்கள் திணறும் இடம் இது.

செலவு: புல்டோசருக்கு ஆகும் செலவு சொற்பம், மறுகுடியமர்த்தல்தான் கழுத்தை நெரிக்கும். பட்டா கொடுப்பது மலிவு. பிற்பாடு சாக்கடை தோண்டுவது மலிவல்ல.

அரசியல்: 2005-இல் ஜிம்பாப்வே இடித்துத் தள்ளியது. வீடோ பிழைப்போ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் என்றது ஐ.நா. தென் அமெரிக்க நாடான பெருவோ 1996-இல் தனி அமைப்பே தொடங்கி, 10 லட்சத்துக்கும் மேல் பட்டா வழங்கியது. தேர்தல் நெருங்கினால் இடிப்பு நோட்டீஸ் மேஜை டிராயரிலேயே தூங்கும். ஓட்டு அங்கேதானே இருக்கிறது!

நிலைப்பு: இடித்த இடத்தில் தார்ப்பாய் திரும்ப முளைக்கும். வரன்முறைப்படுத்தினால், ‘அடுத்த முறையும் கிடைக்கும்’ என்று பக்கத்திலேயே புதுச் சுவர் எழும்.

ஆற்றுப்படுகை, மண் சரியும் மலைச்சரிவு என்றால் மாற்றிடம் கொடுத்துவிட்டு அகற்றுவதே சரி. மற்ற இடங்களுக்கு வரன்முறை போதும், ‘இந்தத் தேதிக்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும்’ என்ற கடைசித் தேதியை நீட்டிக்காமல் இருந்தால்.