ஒரே ஒரு மாமரத்துக்கு இடமிருந்தால்: இமாம்பசந்தா, நீலமா?

2021 பொங்கலுக்கு மழை விடவே இல்லை. டெல்டாவில் அறுக்க வேண்டிய சம்பா நெல் வயலிலேயே சாய்ந்து முளைவிட்ட வருஷம் அது. திருச்சிக்கு வெளியே இருக்கும் எங்கள் கொல்லையில் நெல் கிடையாது, இரண்டு மாமரங்கள்தான். கிணற்றடியில் இமாம்பசந்த், மதிலோரம் நீலம். மார்கழிக் கடைசியில் இமாம்பசந்த் மரம் முழுக்க ஒரே மூச்சில் பூத்து நின்றது. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். கொத்துக்கொத்தாகக் கருத்துப் போயிருந்தது. ஒன்றை விரலால் உருவினால் மூக்குப்பொடி மாதிரி உதிர்ந்து, வெறும் காம்புதான் மிஞ்சியது. நீலத்தில் பூத்திருந்த பூவுக்கும் அதே கதிதான். ஆனால் அதில் பாதிக் கிளைகள் அப்போது மொட்டே கட்டியிருக்கவில்லை. அவை மாசியில் பூத்தன. அந்த வருஷம் இமாம்பசந்த் கொடுத்தது மூன்று பழம். நீலத்தை ஆடி பிறக்கும்வரை பறித்துக்கொண்டிருந்தோம்.

அதனால், 'ஒரு மரத்துக்குத்தான் இடமிருக்கு, எதை வைக்கலாம்?' என்று யாராவது கேட்டால் ருசியை நான் இரண்டாவதாகத்தான் பேசுவேன். மரம் மொத்தப் பூவையும் ஒரே தடவையில் இறக்கிவிடுகிறதா, தவணை முறையில் பூக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இமாம்பசந்த் முதல் வகை. நீலம் தவணைக்காரன். குமரி மாவட்டத்தில் அது வருஷத்தில் இரண்டு தடவைகூடக் காய்க்கும்.

இளவேனில் என்று நாம் சித்திரை, வைகாசியைச் சொல்கிறோம். மாமரத்தின் கணக்கு வேறு. அது மார்கழி, தைப் பனியிலேயே தொடங்கிவிடுகிறது. மரம் பூக்க, முற்றிய கிளைநுனியும் குளிர்ந்த, மழையில்லாத இரவுகளும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு ஓய்ந்தால் சரி. தைவரை இழுத்தால், பூ வர வேண்டிய நுனியில் செம்பு நிறத்தில் தளிர் வந்துவிடும். பார்க்க என்னவோ அழகுதான், வயிற்றெரிச்சல் நமக்கு. இந்த விஷயத்தில் இரண்டு ரகமும் ஒன்றுதான், ஆனால் நீலத்துக்கு அடுத்த தவணை இருக்கிறது.

பூத்துவிட்டாலும் நிம்மதி இல்லை. ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாகி நிற்பதில்லை. மகரந்தத்தைக் கொண்டுபோவது முக்கியமாக ஈக்கள். தூறலில் ஈ வராது, வானம் மப்பாக இருந்து பனியும் இறங்கினால் கொத்தில் மாவு தூவியதுபோல சாம்பல் நோய் வரும். பூக்கொத்தில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி இருந்தால் கிளையை ஆட்டியதும் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கீழ் இலைகள் கையில் பிசுபிசுவென்று ஒட்டும், அப்புறம் கரி பூசினாற்போல ஆகிவிடும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்தில் கை வைக்காதீர்கள். காய் பிடிக்க வைக்கும் ஈயும் அதில்தான் சாகிறது.

சரி, ருசிக்கு வருவோம். இங்கே போட்டியே இல்லை. இமாம்பசந்த் தோல் அவ்வளவு மெல்லிசு, நார் என்று பெயருக்குக்கூட இல்லை. பழுத்த பிறகும் தோலில் பச்சை போகாது. காம்படி புடைத்து, வாசனை வந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஹைதராபாத்தில் இதையே ஹிமாயத் என்று கொண்டாடுகிறார்கள். ஒரு பழம் அரைக் கிலோவுக்கு மேல் போகும், நாலு பேர் வீட்டுக்கு ஒன்றே போதும். நீலம் அதில் பாதிகூட வராது. வாசனையில் குறையில்லை, தித்திப்பில் ஒரு மாற்றுக் குறைவு. ஆனால் இந்த நீலத்தை வடக்கத்தி தசேரியோடு சேர்த்துத்தான் டெல்லியில் ஆம்ரபாலி, மல்லிகா என்ற கலப்பின ரகங்களை உருவாக்கினார்கள். ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுப்பது தசேரியின் பழக்கம். நீலம் வருஷம் தவறாமல் காய்க்கும். அந்தக் குணத்துக்காகத்தான் இதைத் தேடிவந்தார்கள்.

நீலத்தின் அவமானம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்த சம்பந்தி அம்மாளுக்கு நீலத்தை நறுக்கிக் கொடுத்தேன். வெளியே ஒரு புள்ளி இல்லாத, தங்கம் மாதிரியான பழம். கத்தி கொட்டையில் பட்ட இடத்திலிருந்து கருப்பாக ஒரு வண்டு இறங்கி, தட்டின் விளிம்புவரை நடந்து போனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி மட்டும் போதும் என்றார்.

இந்தக் கொட்டை வண்டு, பிஞ்சு கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது தோலைக் கீறி முட்டை வைக்கும். புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். வந்த வழி தானாக மூடிக்கொள்ளும். காய் பெரிதான பிறகு எந்த மருந்தும் எட்டாது. உதிர்ந்த காயையும் தின்ற கொட்டையையும் எருக்குழியில் போடாமல் அழிப்பதும், பட்டை இடுக்குகளில் ஒளிந்திருக்கும் வண்டுகளை ஒழிப்பதும்தான் வழி. நான் மூன்று வருஷமாகக் கொட்டைகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எரிக்கிறேன். குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. தாமதமாகப் பழுப்பதால் ஆனி மழையில் பழ ஈயும் நீலத்தைத்தான் பிடிக்கும். அதற்கு, ஆண் ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். இமாம்பசந்த் வைகாசியிலேயே முடிந்துவிடுவதால் இந்தத் தலைவலி அதற்குக் கம்மி.

காற்று இருவருக்கும் எதிரி, அடிக்கிற மாதம்தான் வேறு. சித்திரையில் இடியோடு வரும் கோடைமழையைப் பள்ளிப் பாடத்தில் மாஞ்சாரல் என்று படித்தோம், மாங்காய் பழுக்க உதவுமாம். உதவட்டும். அதற்கு முன்னால் வரும் சூறைக்காற்றைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லை. இமாம்பசந்த் காய் கனமானது. கீழே விழுந்தால் பிளந்துவிடும். ஒரே சாயங்காலத்தில் ஒரு கூடை பொறுக்கியிருக்கிறோம். அம்மா இருந்தவரை அது தொக்காகும். இப்போது பாதி பச்சடி, பாதி அக்கம்பக்கம். நீலம் அந்தக் காற்றில் பட்டாணி, கோலி அளவில் இருக்கும், அசைந்து கொடுத்துவிடும். அதற்குச் சோதனை ஆனிக் காற்று. திருச்சிப் பக்கம் அது நாள் கணக்கில் அடிக்கும். ஆனாலும் நீலம் விடாப்பிடி.

மற்ற ரகங்கள்? செந்தூரா முந்திக் காய்ப்பது, தைவரை இழுக்கும் மழையிடம் முதலில் அடி வாங்குவதும் அதுதான். கிளிமூக்கு நம்பகமானது, ஆனால் அது கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கான காய். வீட்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன நாலு காய் போதாதா? பங்கனபள்ளி தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் வருகிறது, அதற்கு எதற்குக் கொல்லை? இடம் மிகக் குறைவென்றால் நீலத்திலிருந்தே தேர்ந்தெடுத்த பையூர் 1 என்ற குட்டை ரகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கன்று வாங்கும்போது ஒன்று. எங்கள் முதல் 'இமாம்பசந்த்' ஐந்தாம் வருஷம் காய்த்தபோதுதான் அது வேறென்னவோ புளிப்பு மரம் என்று தெரிந்தது. நர்சரிக்காரர் சிரித்துவிட்டு வேறு கன்று கொடுத்தார், ஐந்து வருஷத்தை யார் கொடுப்பது? ஒட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிகிற கன்றாக, முடிந்தால் தாய்மரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் தீர்ப்பு: நீலத்தை வையுங்கள். இமாம்பசந்த் ஆசை விடவில்லையென்றால், நீலம் நன்றாக வேர் பிடித்து நாலைந்து வருஷம் ஆன பிறகு ஒரு கிளையில் இமாம்பசந்த் குச்சியை ஒட்டுக் கட்டிக்கொள்ளலாம். பென்சில் தடிமனில் முற்றிய குச்சி, இறுக்கமாக ஒரு பாலிதீன் சுற்று, அவ்வளவுதான். முந்தின வருஷம் மதிலோர மரத்தில் நானே கட்டினேன். மூன்றில் ஒன்று பிடித்தது. இந்தத் தையில் அதில் நான்கு கொத்து பூ. இளம் ஒட்டில் பூவை விடக்கூடாதென்று மூன்றைக் கிள்ளிவிட்டேன். நாலாவதைக் கிள்ள வீட்டில் விடவில்லை. இப்போது அதில் கோலிக்குண்டு அளவில் இரண்டு பிஞ்சு நிற்கிறது.