விறகா, கேஸா?

அப்பாவை 2011 ஐப்பசியில் ஊர்ச் சுடுகாட்டில் விறகும் வறட்டியும் அடுக்கி எரித்தோம். அம்மாவை 2022-இல் ஈரோட்டில் எரிவாயு தகன மேடைக்குக் கொண்டுபோனோம். இரண்டையும் பார்த்தவன் என்பதால், சொந்தத்தில் ஒரு சாவு என்றால் யாராவது எனக்கு போன் போட்டு "விறகா, கேஸா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேஸ் என்றுதான் சொல்கிறேன்.

செலவு, புகை, மரம் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு உடலுக்கு 300 கிலோவுக்கு மேல் விறகு போகும், சரி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எப்போது முடியும், முழுதாக முடிந்ததா?

எங்கள் பக்கம் உடல்மேல் வறட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, சேறு பூசி மூட்டம் போடுவார்கள். சூடு வெளியே போகாமல் உள்ளே நின்று வேகும். இரவெல்லாம் எரிந்து ஆறி, விடிந்த பிறகுதான் எலும்பு பொறுக்கலாம். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நானும் நடந்தேன். எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன், ஓட்டின்மேல் மழைச் சத்தம். "மூட்டம் தாங்கும், நீ சாப்பிடு சாமி" என்றார் சித்தப்பா. பத்து மணிக்கு அவரே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு பக்கம் சேறு கரைந்து நெருப்பு அவிந்திருந்ததாம். தகரம் வைத்து மறைத்து, காய்ந்த வறட்டி தேடி, திரும்ப அடுக்கிப் பற்றவைத்துவிட்டு விடியற்காலையில்தான் வந்தார். அங்கே என்ன பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அம்மாவுக்கும் மழை நாள்தான். முன்னால் ஒரு உடல் இருந்ததால் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வாய்க்கரிசி, குடம் உடைப்பது எல்லாம் முன் மண்டபத்திலேயே முடிந்தது. நெஞ்சில் கற்பூரம் ஏற்றியதும் தட்டை உள்ளே தள்ளினார்கள், கதவு இறங்கியது. உலைக்குள் 800 டிகிரிக்கு மேல் சூடு. ஒன்றேகால் மணி நேரத்தில் மண்கலயத்தில் எலும்பும் சாம்பலும் கைக்கு வந்துவிட்டன. எலும்பு வெள்ளைவெளேரென்று, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் ராத்திரி அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டு, காலையில் எடுத்துப் பவானி கூடுதுறையில் கரைத்தோம். அன்றிரவு நான் தூங்கினேன். அப்பா போன ராத்திரி தூங்கவில்லை. அக்காவும் மண்டபம் வரை வந்து கடைசிவரை நின்றாள். ஊர்ச் சுடுகாட்டுக்கு அவளை யாரும் கூட்டிப்போயிருக்க மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அங்கே அவசரம் உண்டு. "முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க" என்று ஒரு குரல், பின்னால் அடுத்த ஆம்புலன்ஸ். அதனால் அழுகை, சீர், சடங்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே நிதானமாக முடித்துவிடுங்கள். மறுநாள் பால் தெளிக்க எரித்த இடம் என்று ஒன்று இல்லை, கலயத்தின் மேல்தான் தெளித்தோம். அத்தைக்கு அது இன்றுவரை மனத்தாங்கல்.

காகிதம் இல்லாமல் போகாதீர்கள். வீட்டில் இறந்தவர் என்றால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். ஆதார் நகலும் எடுத்துப் போங்கள். அந்த நேரத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனால் அங்கே தருகிற ரசீது பிறகு இறப்பைப் பதிய உதவும். 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அப்பாவுக்கு ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை, பிறகு அலைந்ததென்னவோ நான்தான். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் முதலிலேயே சொல்லி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட வேண்டும். உலைச் சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும்.

இன்னொன்று, கிளம்பும் முன் போன் போட்டு அடுப்பு ஓடுகிறதா என்று கேளுங்கள். சின்ன ஊர்களில் 'எரிவாயு' என்று பலகை இருந்தாலும், விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் சூடாக்கி அதில் வரும் வாயுவில் ஓடுகிறவையும் உண்டு. குழாயில் தார் அடைத்தால் நின்றுவிடும். மின்மயானத்துக்கு நண்பர் வீட்டுச் சாவுக்காக ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறேன். கேஸ் மாதிரியேதான் தெரிந்தது, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது 78. தனக்கு விறகுதான் வேண்டும், தோட்டத்து வேப்பமரத்தை அதற்குத்தான் விட்டுவைத்திருக்கிறேன் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். "ஐப்பசியில மட்டும் வேண்டாங்க" என்றேன். சிரித்தார்.