பழைய ஜீப்பின் பின் அச்சில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: வேலூர்ப் பட்டறையில் செய்த வேலை

அணைக்கட்டுக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்புக்குப் போக ஒரு காட்டோடையைக் கடக்க வேண்டும். மழை ஓய்ந்த பிறகு அதன் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் பொலபொலவென்று மணலாகவும் கிடக்கும். அப்பா விட்டுச்சென்ற மகிந்திரா சி.ஜே. 3பி ஜீப்பை நான்கு சக்கர இழுவையில் போட்டாலும் அங்கே நின்றுவிடும். முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் மணலைத் தோண்டிக்கொண்டிருக்க, கெட்டித் தரையில் நிற்கும் மற்ற இரண்டும் அசையாது. இதற்குத் தீர்வாகப் பின் அச்சில் கிளட்ச் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பொருத்தினேன். டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் விசையை ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கர அமைப்பு; லிமிடெட் ஸ்லிப் வகை, ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும். அந்தப் பொருளைப் பற்றியும், வேலூரிலிருந்து காட்பாடி போகும் சாலையோரம் அதைப் பொருத்திக் கொடுத்த பட்டறையைப் பற்றியும் எழுதுகிறேன்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பிரித்துக் கொடுக்கும். மணலில் சுழலும் சக்கரம் எவ்வளவு குறைவாக ஏற்கிறதோ, அவ்வளவுதான் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். லிமிடெட் ஸ்லிப் வகையில் இரு பக்கப் பற்சக்கரங்களுக்கும் பின்னால் உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். நான் வாங்கிய பவர்-லாக் அமைப்பில் நான்கு ஸ்டார் பினியன்கள் (நடுவே அமைந்த சிறு பற்சக்கரங்கள்) உண்டு. அவற்றைத் தாங்கும் குறுக்குத் தண்டுகள் கேஸில், அதாவது இவற்றை அடக்கிய கூட்டில், உள்ள சரிவுகளில் அமர்ந்திருப்பதால், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த அவை சரிவில் ஏறித் தட்டுகளை இறுக்குகின்றன. விசை கூடும்போது பிடிப்பும் கூடுவதும், விசை குறையும்போது பிடிப்பு தளர்வதும் இந்த அமைப்பின் அழகு. ஜாகுவார் ஈ-டைப் காரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஃபரன்ஷியல்தான் இருந்தது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டின் முனையிலுள்ள பல் எண்ணிக்கை. எங்கள் ஜீப்பில் இருக்கும் டானா 44 வகை அச்சுகளில் மிகப் பழையவற்றில் 10 பல்லும், அடுத்து வந்தவற்றில் 19 பல்லும், பிந்தியவற்றில் 30 பல்லும் இருக்கும். இரண்டாவது, கிரவுன் விகிதம், அதாவது அச்சிலுள்ள பெரிய பற்சக்கரமான கிரவுனின் பற்களை அதைச் சுழற்றும் சிறிய பினியனின் பற்களால் வகுத்தால் வரும் எண். 3.73 வரையிலான விகிதங்களுக்கு ஒரு கேஸும் 3.92 முதல் மேற்பட்டவற்றுக்கு வேறொரு கேஸும் வரும். எங்கள் ஜீப்பில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல், அதாவது 5.38. ஷாஃப்டைக் கழற்றி எண்ணிப் பார்த்து 19 பல் என்று தெளிவாக எழுதிக் கேட்டிருந்தும், விற்பனையாளர் 30 பல்லுக்கான உருப்படியை அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் ஐந்து வாரங்கள் போயின. போகவர ஆன செலவும் என்னுடையதாயிற்று.

பட்டறைக்காரர் லாரிகளுக்குக் கிரவுன் செட்டிங் (கிரவுனும் பினியனும் சரியாகப் பொருந்தும்படி அமைப்பது) செய்தே கைபழகிய பெரியவர். லிமிடெட் ஸ்லிப் பொருத்துவது அவருக்கும் இதுதான் முதல் தடவை. ஆனால் இந்த வேலையின் முக்கால் பங்கு கிரவுன் செட்டிங்தான் என்பதால் நான் தயங்கவில்லை, அந்த நம்பிக்கை வீண்போகவும் இல்லை. இந்த அச்சில் கிரவுனின் இரு பக்க ஷிம்களும் (இடத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகள்) பேரிங்குக்கு அடியில் இருப்பதால், ஷிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பேரிங்கை இழுத்துக் கழற்ற வேண்டும். இதற்கென்றே பழைய பேரிங்குகளின் உள்விட்டத்தை லேசாகத் தேய்த்து, கையாலேயே மாட்டிக் கழற்றும்படி அவர் வைத்திருக்கிறார். அளவு சரியான பிறகுதான் புது பேரிங் ஏறுகிறது.

பினியன் பேரிங்கும் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். முதல் முறை கோத்துப் பற்கள் எங்கே தொடுகின்றன என்று பார்க்க பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத் தடவிச் சுழற்றியபோது, தடம் பல்லின் அடியில் ஒட்டி ஒரு மெல்லிய கோடாக விழுந்தது. "இப்படியே வுட்டா மூணு மாசத்துல கத்த ஆரம்பிச்சிடும் தம்பி, மார்க்கு நடுவுல வந்து உக்காரணும்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். பினியன் கூடுதலாக உள்ளே இறங்கியிருந்தது. மூன்று தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஷிம்மை எடுத்துப் பார்த்தார், பிறகு இன்னும் ஒரு தவ். மூன்றாவது முறை தடம் பல்லின் நடுவே, ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தெளிவாக வந்தது. டயல் கேஜ் என்ற அளவுகருவியில் பல் இடைவெளி நான்கு இடங்களிலும் ஆறு தவ்வுக்கும் ஏழு தவ்வுக்கும் இடையிலேயே இருந்தது.

நான் ஒரே ஒரு முறைதான் குறுக்கிட வேண்டியிருந்தது. உராய்வுத் தட்டுகளை உலர்ந்த நிலையிலேயே அடுக்கப் போனார். எண்ணெயில் ஊறவைத்த பிறகே கோக்க வேண்டும் என்று கையேட்டைக் காட்டியதும், எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி இரவு முழுவதும் ஊறப் போட்டார். அந்த மனப்பான்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த அச்சில் இரு ஷாஃப்டுகளின் உள்முனைகளும் நடுவிலுள்ள ஒரு துண்டில் முட்டி நிற்பதால், ஷாஃப்டின் முன்பின் அசைவையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அதை அவர் சொல்லாமலே செய்தார். வேலை நான்கு நாள் ஆனது, கூலி 9,500 ரூபாய். நாள்தோறும் அவர் பிரித்துக் கோத்ததைப் பார்த்தவன் என்ற முறையில், அது நியாயமான கூலி என்பேன்.

எண்ணெய் விஷயத்தில் கவனம் தேவை. ஜி.எல். 5 தரக் கியர் எண்ணெயோடு உராய்வைச் சீராக்கும் சேர்மானத்தை 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 118 மில்லி, கலக்க வேண்டும். அதைக் கலக்காவிட்டால் மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று ஒலி வரும். கலந்த பிறகு காலி மைதானத்தில் எட்டு வடிவில் இருபது சுற்று மெதுவாக ஓட்டித் தட்டுகளுக்கு எண்ணெய் ஏற்றினோம். முதல் சில சுற்றுகளில் இருந்த ஒலி பிறகு அடங்கிவிட்டது.

இப்போது ஓடையில், மணலில் நிற்கும் சக்கரம் அரைச்சுற்றுச் சுழன்றதும் மறுபக்கச் சக்கரம் பிடித்துத் தள்ளுவதை இருக்கையிலேயே உணர முடிகிறது. ஆனால் ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தொங்கினால் இதன் பலன் மிகவும் குறைவு. அப்போது தொங்கும் சக்கரத்துக்குத் தடை கிடைக்கும்படி கால் பிரேக்கை லேசாக மிதித்தபடி விசை கொடுக்க வேண்டும். இந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியின்) பின்புறத் தண்டைப் பிடிப்பதால், அதை இழுத்து அந்தப் பலனைப் பெற முடியாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நேரத்தில் இறங்கியபோது பின்புறம் மொத்தமாக விலகப் பார்த்தது. ஈரத் தார்ச்சாலையின் வளைவுகளில் ஆக்சிலரேட்டரை முன்பைவிட மென்மையாகவே மிதிக்கிறேன். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

பொருத்த நினைப்பவர்கள் பின் டயர் இரண்டையும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு மாறினால் தட்டுகள் ஓயாமல் உரசித் தேயும். இன்னொன்றைப் பட்டறையில் இருக்கும் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள்: ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போடக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும்.